காலி அறையில் எத்தனை பேர்

"மேடம், அந்த அம்மாவை அந்த ரூம்லேர்ந்து மாத்தச் சொல்லணும்" என்றான் பேச்சிமுத்து.

ரெஜினா ஏணியின் மேல் நின்று ஒரு விளக்கின் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கீழே பார்க்கவில்லை.

"எந்த அம்மா?"

"சண்முகக்கனி. துணி இருக்கிற ரூம்ல காவலுக்கு ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காங்களே, அவங்க."

"என்ன பண்ணாங்க?"

"கையை ஆட்டுறாங்க, மேடம்."

ரெஜினா இப்போது கீழே பார்த்தார்.

*

அந்த அருங்காட்சியகம் ஒரு காலத்தில் கலெக்டர் பங்களாவாக இருந்தது.

வயர்களின் மேலிருந்த ரப்பர், தொட்டால் அப்பளம்போல நொறுங்கியது. மழைக்காலத்தில் சுவிட்சில் கை வைத்தால் சுள்ளென்று இழுத்தது. வெண்கலச் சிலைகளின் முகத்தில் டியூப்லைட் வெளிச்சம் சுண்ணாம்பு அடித்ததுபோல விழுந்தது.

எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்து தரும் வேலை ரெஜினாவுக்கு வந்தது. கட்டடங்களுக்கு ஒளி அமைப்பதில் பேர் வாங்கியவர். அதிகம் பேசமாட்டார்.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவன் பேச்சிமுத்து.

எஞ்சினியரிங் முடித்திருந்தான். அவன் குடும்பத்தில் கரண்ட் பில்லை யார் தயவும் இல்லாமல் படித்த முதல் ஆள் அவன்தான். ஒரு வயரை முறுக்கி இணைத்தால் மறுபடி மறுபடி இழுத்துப் பார்ப்பான். வீட்டுக்குப் போகும் வழியில், இழுத்துப் பார்த்தோமா என்று யோசிப்பான்.

தப்பு செய்தால் ரெஜினா திட்டமாட்டார். அதுதான் அவனுக்குப் பயம்.

மற்ற அறைகளையெல்லாம் அவர் வரைந்தார். கடைசி அறையை அவனிடம் கொடுத்தார்.

அந்த அறையில் ஒரே ஒரு பொருள்தான். சுவர் நீளத்துக்கு ஒரு சித்திரத் துணி. அவுரி நீலத்திலும் சாயவேர்ச் சிவப்பிலும் ஒரு பல்லக்கு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

வெளிச்சம் பட்டால் அந்த நிறங்கள் சாகும். ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. செத்த நிறம் திரும்பி வராது.

வெளிச்சம் இல்லாவிட்டால் ஊர்வலத்தைப் பார்க்க முடியாது.

பேச்சிமுத்து சோறு தண்ணி மறந்து யோசித்தான். பிறகு ஒரு வழி கண்டான்.

ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்தான். கூரையில் ஒரு சென்சார் பொருத்தினான். யாராவது அசைந்தால் விளக்கு எரியும். அசைவு நின்றால் சற்று நேரத்தில் அணைந்துவிடும். பார்க்க ஆள் இருக்கும்போது மட்டும் வெளிச்சம். மற்ற நேரமெல்லாம் துணி இருட்டில் தூங்கும்.

எல்லோரும் பாராட்டினார்கள். காப்பாட்சியர் திருவேங்கடம் விருந்தாளிகளைக் கதவருகே நிறுத்தி, "நீங்க உள்ள காலை வைங்க, அதுவா எரியும்" என்று தன் வீட்டுப் பிள்ளையைப் பாடச் சொல்கிறவர்போலக் காட்டினார்.

விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்று கூட்டிச் சொல்லும் ஒரு சின்ன மீட்டரையும் பேச்சிமுத்து வைத்திருந்தான். மாதக் கடைசியில் அதைப் பார்த்தான். 

விளக்கு நாள் முழுக்க எரிந்திருந்தது.

*

"பார்க்க வர்றவங்களே கொஞ்சம் பேர்தான், மேடம். யாரும் இல்லாத நேரத்துல அந்த அம்மா உக்காந்தபடியே கையை ஆட்டி ஆட்டி விளக்கை எரிய விடுறாங்க. இப்படியே போனா துணியைப் பெட்டியில வச்சுப் பூட்டிருவாங்க. என் டிசைன் தப்புன்னு ஆயிடும்."

"ஏன் ஆட்டுறாங்கன்னு கேட்டியா?"

"ஆட்டாதீங்கன்னு சொன்னேன்."

ரெஜினா ஏணியிலிருந்து இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"பார்க்க யாரும் வராத நேரத்துல அந்த அறையில எத்தனை பேர்?"

பேச்சிமுத்து விழித்தான்.

"யாரும் வராதப்போ யாரும் இல்ல, மேடம்."

"போய் எண்ணிட்டு வா."

*

அவன் கதவைத் திறந்தான். விளக்கு எரிந்தது.

அடைத்த ஜன்னலுக்குப் பக்கத்தில், ஸ்டூலில் சண்முகக்கனி உட்கார்ந்திருந்தாள். காலடியில் சாப்பாட்டுப் பை.

"வாங்க தம்பி. மீட்டரைப் பாக்க வந்தியளா, என்னையப் பாக்க வந்தியளா?"

"சும்மா வந்தேம்மா."

"சும்மா வாறதுக்கு இது என்ன டீக்கடையா? சரி, நில்லுங்க. கொஞ்ச நேரம் நான் கை ஆட்டாமலே லைட்டு எரியும்."

அவன் துணியின் முன்னால் போய் நின்றான். மேடம் விடுகதை போட்டால் அதில் ஏதோ நுட்பம் இருக்கும் என்று நினைத்தான். விரலை நீட்டி எண்ணத் தொடங்கினான். பல்லக்குத் தூக்கிகள், கொம்பு ஊதுகிறவர்கள், குடை பிடிக்கிறவன். பல்லக்கின் திரைக்குள் பாதி முகம் தெரிந்தது. அதையும் சேர்த்துக்கொண்டான்.

"யாரும் குறையுதாவளா?" என்று கேட்டாள் சண்முகக்கனி.

"இல்லம்மா."

"குறைஞ்சா என் சம்பளத்துலல்லா பிடிப்பாவ. நல்லா எண்ணுங்க."

திரும்பி வந்து ரெஜினாவிடம் சொன்னான்.

"முப்பத்தொரு பேர், மேடம். குதிரை மேல இருக்கிறவரையும் சேர்த்து."

"குதிரையை ஏன் விட்டே?"

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கேட்டான்.

"உங்களுக்கு விடை தெரியுமா, மேடம்?"

"தெரிஞ்சிருந்தா உன் வரைபடத்துல நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா?"

திட்டியிருந்தால்கூட அவன் இவ்வளவு பயந்திருக்கமாட்டான்.

*

விடை வேண்டாம், மீட்டர் இறங்கினால் போதும் என்று முடிவு செய்தான்.

மறுநாள் ஏணியோடு போனான். சென்சாரின் கண், பால் நிறத்தில் ஒரு சின்னக் குமிழ். அதில் ஸ்டூல் இருக்கும் பக்கத்தை மட்டும் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தான். அணையும் நேரத்தையும் இன்னும் குறைத்து வைத்தான்.

"என்ன தம்பி, அதுக்குக் கண்ணு வலியா?"

"சின்ன வேலைம்மா."

"இனிமே நான் கை அசைச்சா அதுக்குத் தெரியாதோ?"

ஏணியை மடக்கும் சத்தத்தில் கேட்காததுபோல இருந்துவிட்டான்.

மீட்டர் இறங்கியது. திருவேங்கடம் தன் அறைக்குக் கூப்பிட்டு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். "மூளைக்காரன்யா நீ" என்றார்.

ரெஜினா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சிமுத்து போய் நின்றான்.

"சரியாயிருச்சு, மேடம். டேப் ஒட்டிட்டேன்."

"எண்ணினியா?"

"யாரும் இல்ல, மேடம். இப்போ சென்சாரே அப்படித்தான் சொல்லுது."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ரெஜினாவின் கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பிசைந்தார். 

அவர் ஒன்றும் சொல்லாததைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

*

அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள்.

ஒரு சிறுமி மற்றவர்களை முந்திக்கொண்டு கடைசி அறைக்குள் ஓடினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. சுவரோரம் ஒரு பெண் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறுமி வீறிட்டுக் கத்தினாள். பின்னால் வந்தவர்கள் எதையும் பார்க்காமலேயே கத்தினார்கள். டீச்சர் விசிலை ஊதினார். ஒரு பையன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

அதற்கடுத்த நாளிலிருந்து டிக்கெட் கொடுக்கும் இடத்தில் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, பேய் ரூம் எது?"

டிக்கெட் கொடுப்பவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சண்முகக்கனியிடமும் போய்ச் சொன்னார். "அக்கா, உங்களைப் பார்க்கத்தான் கூட்டம் வருது."

அவளும் சிரித்தாள்.

மறுநாள் காலையில் டேப் தரையில் கிடந்தது. ஒட்டடைக் குச்சியால் அதைக் குத்தி எடுத்திருந்தாள். மறைக்கவும் இல்லை. குச்சி ஸ்டூலின் மேலேயே சாய்ந்து நின்றது.

*

திருவேங்கடம் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை டீ இல்லை.

"எனக்கு அந்த அம்மா மேல கோபமெல்லாம் கிடையாது தம்பி. ஆனா கருவியைக் குச்சியால குத்தினா நான் சும்மா இருக்க முடியுமா? மலை மேல நம்ம கிளை ஒண்ணு இருக்கு. அங்க மாத்திரலாம்."

"அது ரொம்ப தூரமாச்சே, சார்."

"ரெண்டு பஸ் மாறணும். அப்புறம் படி ஏறணும். நான் என்ன செய்ய? இந்த அறைக்கு ஒரு கேமரா போட்டா போதும்னு நினைக்கிறேன். மேலிடத்துல ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க. அந்த அறைக்கு ஆள் தேவையா, இல்லையான்னு டிசைன் பண்ணவர் சொல்லணுமாம். தேவையில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

"தேவைன்னு சொன்னா, சார்?"

"விளக்கு பழையபடி எரியும். துணி பெட்டிக்குள்ள போகும். சென்சார் ஏற்பாடு தோல்வின்னு நான் அறிக்கை அனுப்புவேன். உங்க பேரைப் போட்டுத்தான் அனுப்பணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "முதல் வேலை. யோசிச்சுக்குங்க."

பேச்சிமுத்து வெளியே வந்தான். கால்கள் அவனைக் கேட்காமல் கடைசி அறைக்குப் போயின.

சண்முகக்கனி அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உக்காருங்கம்மா."

"என்ன, மரியாதையெல்லாம் பலமா இருக்கு? ஆர்டரு வந்துட்டா?"

"இன்னும் இல்ல." அவன் தரையில் உட்கார்ந்தான். "ஏம்மா கையை ஆட்டுறீங்க?"

"இப்பதான் கேக்குதிய."

அவள் உட்கார்ந்தாள். பேசும்போது அவளுடைய வலது கை தன்பாட்டில் அசைந்துகொண்டிருந்தது, தூரத்தில் போகிற யாரையோ கூப்பிடுவதுபோல.

"முதல்ல இருட்டுலதான் இருந்து பாத்தேன் தம்பி. காவலுக்குன்னு உக்கார வச்சிருக்காவ. எதைக் காக்கேன்னு எனக்கே தெரியல. துணி எங்க இருக்கு, சுவரு எங்க இருக்கு, ஒண்ணும் தெரியாது. சரி, அது கிடக்கட்டும். வாறவங்க கதவைத் தொறந்ததும் லைட்டு எரியுதுல்லா, என்னையப் பாத்ததும் தூக்கிவாரிப் போடுது அவங்களுக்கு. ஒரு மனுசன் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டே உக்காந்துட்டாரு. ஒருத்தி கேக்கா, நீங்க எப்போ வந்தீங்கன்னு. காலையிலயிருந்து இங்கனதாம்மா இருக்கேன்னு சொல்லுதேன். அவ நம்பலை."

பேச்சிமுத்து கூரையில் இருந்த சென்சாரை நிமிர்ந்து பார்த்தான்.

"சரி, வாறவன் பாக்கும்போது லைட்டு எரிஞ்சிக்கிட்டு இருந்தா பயப்பட மாட்டான்லா. அதான் ஆட்டுனேன். வேற சோலியா எனக்கு?"

"அந்தப் பிள்ளை கத்தினது..."

"அதை விடுங்க." கை ஒரு கணம் நின்று மறுபடி அசைந்தது. "என்னையப் பாத்து ஒரு பிள்ளையும் இதுவரைக்கும் பயந்தது கிடையாது தம்பி. தெருவுல எல்லாப் பிள்ளையளும் என் இடுப்புலதான் வளந்துச்சு."

*

பேச்சிமுத்து ரெஜினாவிடம் போனான்.

"எண்ணிட்டேன், மேடம்."

"எத்தனை?"

"ஒருத்தர்."

"அப்ப போய்ச் சொல்லு."

அவன் நகரவில்லை.

"சொன்னா துணி பெட்டிக்குள்ள போயிடும். என் பேரும் அதோட போயிடும். எங்க அப்பா பஸ்ல டிக்கெட் குடுக்க வர்ற கண்டக்டர்கிட்டகூட மியூசியத்துக்கு லைட் போட்டது என் மகன்னு சொல்லிட்டிருக்காரு. சொல்லலைன்னா அந்த அம்மா மலையேறணும். நான் என்ன செய்யட்டும், மேடம்?"

ரெஜினா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வா."

*

கடைசி அறையில் நான்கு பேர் நின்றார்கள். ரெஜினா, திருவேங்கடம், பேச்சிமுத்து. ஸ்டூலுக்குப் பக்கத்தில், அதிகாரி முன்னால் உட்காரக்கூடாது என்று எழுந்து நின்ற சண்முகக்கனி.

திருவேங்கடம் தொண்டையைச் செருமினார்.

"நல்லதாப் போச்சு, எல்லாரும் இருக்கோம். பின்னாடி பேச்சு வரக்கூடாது பாருங்க. தம்பி, நீங்க சொல்லுங்க. இந்த அறைக்கு ஆள் தேவையா, இல்லையா?"

பேச்சிமுத்து வாயைத் திறந்தான்.  சண்முகக்கனியைப் பார்க்க முடியவில்லை. துணியைப் பார்க்க முடியவில்லை. ரெஜினாவைப் பார்த்தான்.

திருவேங்கடமும் அவர் பக்கம் திரும்பினார்.

"உங்க பையன் முழிக்கிறான். நீங்களாவது சொல்லுங்க, மேடம்."

ரெஜினா கைகளைக் கட்டிக்கொண்டு ஊர்வலத்தைப் பார்த்தபடி நின்றார்.

பதில் சொல்லவில்லை.

சொல்வார் என்று திருவேங்கடம் காத்திருந்தார். பேச்சிமுத்து காத்திருந்தான். சண்முகக்கனி காத்திருந்தாள்.

யாரும் அசையவில்லை.

விளக்கு அணைந்தது.

அது அந்தி இருட்டு இல்லை. மின்வெட்டு இருட்டும் இல்லை. எங்கோ ஒரு கீற்றாவது இருக்குமே, அதுவும் இல்லை. ஒவ்வொரு ஜன்னல் இடுக்கையும் பேச்சிமுத்து தன் கையால் அடைத்திருந்தான். அவன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

இந்த இருட்டு அவன் செய்தது. ஆனால் இதற்குள் அவன் இருந்ததில்லை. அவன் நுழையும்போதெல்லாம் விளக்கு எரிந்தது. சோதித்துப் பார்த்ததுகூட வெளியே நின்று, கதவிடுக்கில் கண்ணை வைத்துத்தான்.

பக்கத்தில் யாருடைய மூச்சும் கேட்கவில்லை. மூன்று பேர் அங்கே நிற்கிறார்கள் என்பதை அவன் நம்பிக்கொள்ள வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில், தான் நிற்பதையும்.

"யாராவது..." என்றது திருவேங்கடத்தின் குரல். அதில் அதிகாரம் இல்லை.

விளக்கு எரிந்தது.

திருவேங்கடத்தின் கை தலைக்கு மேலே இருந்தது. அவர் அதை அவசரமாக இறக்கி, நேராகவே இருந்த மூக்குக்கண்ணாடியை நேராக்கினார்.

ரெஜினா கட்டிய கைகளைப் பிரிக்கவில்லை.

சண்முகக்கனியின் கைகள் இரண்டும் முந்தானைக்குள் இருந்தன. அவள் பேச்சிமுத்துவின் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் தம்பி, எரிஞ்சிட்டு" என்றாள். "இறக்குங்க."

பேச்சிமுத்து கையை இறக்கினான்.

"தேவை, சார்."